பேட்டன்ட்ல பொதுநலன் எங்க இருக்குன்னு கேட்ட தம்பிக்கு

வியாசர்பாடில இருந்து ஃபார்மசி படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு. காலேஜ்ல டிபேட் வெச்சாங்களாம், "பேட்டன்ட்ங்கறது கண்டுபிடிச்சவனோட சொத்து, ஏழைங்க பேரைச் சொல்லி அதுல கை வெக்கிறது திருட்டு"ன்னு எதிர் டீம் பேசிச்சாம், ஜெனரிக் மருந்தே ஒருவகை டூப்ளிகேட் தானேன்னும் கேட்டாங்களாம், இவங்க டீம் வாயடைச்சு போயிட்டாங்க. "பொதுநலன்னு ஒண்ணு சட்டத்துக்குள்ள எங்கயாவது இருக்கா, இல்ல அது சும்மா இரக்கப்பட்டு பேசறதா?" இது தான் கேள்வி.

இருக்கு தம்பி, சட்டத்துக்குள்ளயே இருக்கு. பேட்டன்ட்னா, ஒரு கண்டுபிடிப்பை மத்தவங்க செய்யவோ விக்கவோ விடாம தடுக்கறதுக்கு கொஞ்ச காலத்துக்கு அரசாங்கம் குடுக்கற உரிமை. நான் பேட்டன்ட்டே வேணாம்னு சொல்ற ஆளு கெடையாது, தண்டையார்பேட்டைல பொறந்து வளந்து ரொம்ப வருஷமா பேட்டன்ட் அப்ளிகேஷன் எழுதுற ஆபீஸ்ல தான் வேலை பாக்குறேன், அதனால தெரிஞ்சதை கொஞ்சம் விரிவா சொல்றேன்.

1970 பேட்டன்ட் சட்டத்துல 83-ஆவது பிரிவை எடுத்து படிங்க. வெளிநாட்டுல செஞ்சு இங்க கொண்டாந்து தனியா வித்துக்கறதுக்காக மட்டும் பேட்டன்ட் குடுக்கப்படல, பொது சுகாதாரத்தை காப்பாத்தறதுக்கு பேட்டன்ட் முட்டுக்கட்டையா நிக்கக்கூடாது, கண்டுபிடிப்போட பலன் ஜனங்களுக்கு கட்டுப்படியாகுற வெலைல கெடைக்கணும்னு தான் பேட்டன்ட்டே குடுக்கறோம்னு பார்லிமென்ட் எழுதி வெச்சிருக்கு. இது மேடைப்பேச்சு இல்ல, கட்டாய உரிமம் (பேட்டன்ட்காரரு ஒத்துக்கலைன்னாலும் இன்னொருத்தருக்கு தயாரிக்க குடுக்கற அனுமதி) பத்தின அத்தியாயத்துல பொதுவான கொள்கைகள்னு போட்டு எழுதின வரி. உங்க டீம் இந்த ஒரு பிரிவை படிச்சு காட்டியிருந்தாலே எதிர்ல இருந்தவங்க வாதத்துல பாதி காலி.

"சொத்து"ன்னு சொல்றாங்க இல்ல, எங்க தாத்தா வாங்குன மனை எங்க அப்பாவுக்கு வந்துது, நாளைக்கு என் புள்ளைக்கு போவும், அதுக்கு கெடு கெடையாது. பேட்டன்ட் அப்படி இல்ல, அப்ளிகேஷன் போட்ட தேதில இருந்து 20 வருஷம், அதுவும் வருஷா வருஷம் ஃபீஸ் கட்டுனா தான், அப்புறம் அது எல்லாருக்கும் பொது. பதிலுக்கு கண்டுபிடிச்சவரு இன்னா செஞ்சேன் எப்படி செஞ்சேன்னு ஒண்ணு விடாம எழுதி வெளில வெக்கணும், அந்த துறை தெரிஞ்ச இன்னொருத்தர் அதை படிச்சு செய்யற மாதிரி எழுதலைன்னா பேட்டன்ட்டே செல்லாது. ஆக இது ஒரு ஒப்பந்தம். ஜனங்க சார்பா அரசாங்கம் ஒரு பக்கம் நிக்குது, கண்டுபிடிச்சவரு மறுபக்கம். ஒப்பந்தத்துல ஒரு தரப்பு எனக்கு சேர வேண்டியது எங்கன்னு கேட்டா அதை திருட்டுன்னு எவன் சொல்லுவான்?

இதுல வெலை எப்படி எகிறுதுன்னு நம்ம பக்கத்து ஆளுக்கு சுலபமா புரியும். காசிமேட்டுல விடிகாலைல ஒரே ஒரு போட்டு மட்டும் வஞ்சிரத்தோட கரைக்கு வந்தா ஏலம் எங்க போய் நிக்கும், பத்து போட்டு வந்தா எங்க நிக்கும்? மீன் அதே மீன், டீசல் செலவும் அதே தான். பேட்டன்ட் இருக்கற வரைக்கும் ஒரு போட்டு தான் வரலாம், மருந்துல இது இன்னும் கொடுமை, ஏன்னா வஞ்சிரம் வெலை ஜாஸ்தின்னா மத்தி வாங்கிட்டு போலாம், கேன்சருக்கு டாக்டர் எழுதுன மாத்திரைக்கு பதிலா வேற எதை வாங்கிட்டு போறது.

அடுத்து டூப்ளிகேட் விஷயம். ஃபார்மசி படிக்கிற பசங்களே இதை குழப்பிக்கறாங்கன்னா வருத்தமா இருக்கு. டூப்ளிகேட்னா இன்னொருத்தன் பேரையும் முத்திரையையும் திருடி ஒட்டி ஏமாத்தறது, அது ட்ரேட்மார்க் குத்தம், மருந்துல செஞ்சா உயிரோட வெளையாடற குத்தம், அதுக்கு தண்டனை வேணும், அதுல எனக்கு மாத்து கருத்தே இல்ல. ஜெனரிக் அப்படி இல்ல, அதே மூலக்கூறு, தயாரிச்ச கம்பெனி தன்னோட சொந்த பேரை போட்டு, மருந்து கட்டுப்பாட்டு துறைல லைசென்ஸ் வாங்கி வெளிப்படையா விக்கிறது. நம்ம தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், 1994-ல ஆரம்பிச்சது, அரசு ஆஸ்பத்திரிங்களுக்கு மொத்தமா டெண்டர் விட்டு வாங்கறது பிராண்ட் பேர்ல இல்ல, மருந்தோட மூலப்பேர்ல தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரில க்யூல நின்னு மாத்திரை வாங்கிட்டு வர்ற ஜனங்க எல்லாம் இன்னா டூப்ளிகேட்டா முழுங்கிட்டு இருக்காங்க?

இப்ப இந்த ஜெனரிக் கம்பெனிங்க எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும், இது தானா வளரல. வெள்ளைக்காரன் போட்ட 1911 சட்டம் சுதந்திரத்துக்கு அப்புறமும் ஓடிட்டு இருந்துச்சு, அப்ப மருந்து பேட்டன்ட்ல முக்காவாசிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க கைல, அவங்க இங்க தயாரிக்கவும் மாட்டாங்க, அடுத்தவனை தயாரிக்கவும் விட மாட்டாங்க. உலகத்துலயே மருந்து வெலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணுன்னு அமெரிக்க செனட்டோட கெஃபாவர் கமிட்டியே சொல்லிச்சு. இவ்வளவு ஏழை நாட்டுல! அதை சரி பண்ண வழி சொன்னவரு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்த ராஜகோபால ஐயங்கார், 1959-ல அவரு குடுத்த ரிப்போர்ட் தான் 1970 சட்டத்துக்கு அஸ்திவாரம். மருந்துக்கும் சாப்பாட்டு பொருளுக்கும், பொருள் மேல பேட்டன்ட் கெடையாது, செய்யற முறை மேல மட்டும் தான், அதுவும் கொஞ்ச வருஷத்துக்கு தான்னு மாத்துனாங்க. வேற வழில அதே மருந்தை செஞ்சா தப்பு இல்ல. அந்த ஒரு மாத்தத்துல வளந்தது தான் நம்ம மருந்து தொழில். 2001-ல எச்.ஐ.வி.க்கு மூணு மருந்து சேத்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலர்னு சிப்லா அறிவிச்சப்ப, வெளிநாட்டு கம்பெனிங்க அதே சிகிச்சைக்கு 10,000 டாலருக்கு மேல வாங்கிட்டு இருந்தாங்க. ஆப்பிரிக்கால லட்சக்கணக்கான பேர் பொழைச்சதுக்கு அந்த வெலை ஒரு பெரிய காரணம்.

1995-ல உலக வர்த்தக அமைப்பு வந்துச்சு, அதோட சேந்த ட்ரிப்ஸ்ங்கற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்துல நாம கையெழுத்து போட்டோம், 2005 ஜனவரி 1-ல இருந்து மருந்து மேலயும் பொருள் பேட்டன்ட் குடுக்கணும்னு ஆயிடுச்சு. ஆனா அதுக்காக சட்டத்தை திருத்துனப்பவே 3(டி)ங்கற பிரிவை இறுக்கமாக்குனாங்க. ஏற்கனவே தெரிஞ்ச ஒரு மருந்தோட வேதியியல் உப்பு வடிவத்தை மாத்தி, படிக அமைப்பை மாத்தி, புதுசுன்னு சொல்லி பேட்டன்ட் கேட்டா, அதோட செயல்திறன் முன்ன விட கூடியிருக்குன்னு காட்டணும், இல்லைன்னா கெடையாது. 20 வருஷம் முடியற நேரத்துல சின்னதா ஒண்ணை மாத்தி இன்னொரு 20 வருஷம்னு இழுத்துட்டே போறாங்க இல்ல, அதுக்கு போட்ட கடிவாளம் இது.

அந்த கடிவாளம் தாங்குமான்னு சோதிச்சு பாத்த வழக்கு நம்ம ஊர்ல தான் ஆரம்பிச்சுது, இதை சென்னைக்காரங்களே நெறைய பேர் தெரிஞ்சுக்கல. இமாட்டினிப்னு ஒரு மருந்து, க்ளிவெக்ங்கற பேர்ல நோவார்ட்டிஸ் விக்கிறது, ஒரு வகை ரத்த புத்துநோய்க்கு தினமும் போடணும், விட்டா நோய் திரும்பும். மூலக்கூறுக்கு 1990-கள் ஆரம்பத்துலயே வெளிநாட்டுல பேட்டன்ட் போட்டாச்சு, இங்க அப்ப பொருள் பேட்டன்ட் இல்லாததால முடியல, அப்புறம் அதோட ஒரு படிக வடிவத்துக்கு 1998-ல சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல அப்ளிகேஷன் போட்டாங்க. 2003-ல தனியா விக்கிற உரிமை ஒண்ணு கெடைச்சுது, அதை வெச்சு சில ஜெனரிக் கம்பெனிங்களை நிறுத்தவும் வெச்சாங்க. அப்ப கம்பெனி மருந்து மாசத்துக்கு 1,20,000 ரூபா கிட்ட, ஜெனரிக் 8,000-ல இருந்து 10,000-க்குள்ள. துறைமுகத்துல லோடு எறக்கற ஒருத்தர் குடும்பத்துல இந்த நோய் வந்தா முதல் வெலைக்கு வீட்டை வித்தாலும் ஒரு வருஷம் தாண்டாது. ரெண்டாவது வெலையும் கஷ்டம் தான், ஆனா கடனோ உடனோ வாங்கி சமாளிக்கலாம், அரசாங்கமே வாங்கி குடுக்கலாம்.

புத்துநோயாளிங்களுக்காக வேலை செய்யற கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷன், இதுக்கு பேட்டன்ட் குடுக்கக்கூடாதுன்னு எதிர்ப்பு மனு போட்டுச்சு, சில கம்பெனிங்களும் போட்டாங்க. 2006 ஜனவரில சென்னை பேட்டன்ட் ஆபீஸ் அப்ளிகேஷனை தள்ளுபடி பண்ணுச்சு. நோவார்ட்டிஸ் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போய், 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கும் ட்ரிப்ஸுக்கும் விரோதம்னு வழக்கு போட்டாங்க, 2007 ஆகஸ்ட்ல பாரிமுனைல நிக்கிற அந்த செவப்பு கட்டடத்துல அந்த வாதம் தோத்துது. பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம் இல்ல, ட்ரிப்ஸுக்கு விரோதமான்னு பாக்கறது எங்க வேலை இல்லன்னு சொல்லிட்டாங்க. கடைசில 2013 ஏப்ரல் 1 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. புது படிகம் 30 சதவீதம் கூடுதலா ரத்தத்துல சேருதுன்னு கம்பெனி சொல்லிச்சு. மருந்துன்னு வந்தா செயல்திறன்னா நோயை குணப்படுத்தற திறன், ரத்தத்துல எவ்வளவு சேருதுங்கறது மட்டும் பத்தாது, அதனால நோய் எவ்வளவு கூடுதலா குணமாச்சுன்னு நீங்க காட்டலையேன்னு கோர்ட் கேட்டுச்சு. அவ்வளவு தான், பேட்டன்ட் இல்ல. கோர்ட் சட்டத்துக்கு வெளில போய் கருணை காட்டல, சட்டத்துல இருந்த வரியை அப்படியே படிச்சுது, உங்க டிபேட்ல இதை அழுத்தி சொல்லணும்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும், நோவார்ட்டிஸ் இந்தியால ஏகப்பட்ட நோயாளிங்களுக்கு அந்த மருந்தை இலவசமாவே குடுத்துட்டு இருந்துச்சு. அது நல்லது தான். ஆனா தானம் குடுக்கறவங்க மனசு மாறுனா நின்னுடும், யாருக்கு குடுக்கணும்னு அவங்க தான் முடிவு பண்ணுவாங்க. ஒருத்தர் உயிர் அந்த மாதிரி ஒரு முடிவுல தொங்கக்கூடாதுங்கறது தான் என் கட்சி.

எதிர் டீம் கண்டிப்பா அடுத்து கேக்கும், "லாபம் இல்லன்னா எவன் ஆராய்ச்சி பண்ணுவான்"னு. இதை தட்டிக்கழிக்கக்கூடாது, நியாயமான கேள்வி. மனுஷங்க மேல சோதனை நடத்தறதுக்கு பெரிய பணம் செலவாகுது, நெறைய மருந்து நடுவுலயே தோத்துடுது, அந்த பணத்தை திரும்ப எடுக்க ஒரு வழி வேணும். ஆனா இமாட்டினிப் கதையவே எடுங்க. அந்த ரத்த புத்துநோய்ல ஒரு குரோமோசோம் மாறி இருக்குன்னு 1960-ல பிலடெல்ஃபியால ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கண்டுபுடிச்சாங்க, அது எப்படி இடம் மாறுதுன்னு 1973-ல சிகாகோல ஜேனட் ரௌலி சொன்னாங்க, இதெல்லாம் பல்கலைக்கழகத்துலயும் ஆராய்ச்சி நிலையத்துலயும் நடந்த வேலை, இது மேல தான் கம்பெனி மருந்தை கட்டுச்சு. ஜனங்க வரிப்பணம் ஏற்கனவே உள்ள இருக்கு.

இன்னொண்ணு, பேட்டன்ட் இருந்தா மட்டும் ஏழைங்க நோய்க்கு மருந்து வந்துடுமா? டிபியை பாருங்க. ரிஃபாம்பிசின் 1960-கள்ல வந்துது. அதுக்கு அப்புறம் புதுசா வேற மாதிரி வேலை செய்யற டிபி மருந்து ஒண்ணு, பெடாக்விலின், அமெரிக்கால அனுமதி வாங்குனது 2012 டிசம்பர்ல. நடுவுல 40 வருஷத்துக்கு மேல போச்சு. பேட்டன்ட் சட்டம் அந்த காலம் பூரா இருந்துச்சு தானே, வாங்கறவன் கிட்ட காசு இல்ல, அதனால யாரும் பெருசா திரும்பி பாக்கல.

டிபியும் சென்னையும்னு வந்தா எனக்கு நெஞ்சு நிமிருது தம்பி. சேத்துப்பட்டுல இன்னிக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு இருக்கே, அது 1956-ல டிபி கீமோதெரபி சென்டரா தொடங்குனது. அப்ப எல்லாம் டிபின்னா சானடோரியத்துல மாசக்கணக்குல படுக்க வெக்கணும்னு உலகமே நம்பிட்டு இருந்துச்சு. இங்க மெட்ராஸ்ல, ஒண்டுக்குடித்தனத்துல நெருக்கி அடிச்சு வாழ்ந்த ஏழை ஜனங்களை ரெண்டு பங்கா பிரிச்சு, ஒரு பங்குக்கு சானடோரியத்துலயும் இன்னொரு பங்குக்கு வீட்லயே வெச்சும் ஒரு வருஷம் மருந்து குடுத்து பாத்தாங்க. ரெண்டு பக்கமும் குணமாகுறது கிட்டத்தட்ட ஒண்ணு தான்னு 1959-ல வெளியிட்டாங்க, வீட்ல இருக்கறவங்களுக்கும் கூடுதலா தொத்தலன்னு அப்புறம் காட்டுனாங்க, உலகம் பூரா டிபி வைத்தியமே அதுல மாறுச்சு. இதுக்கு யாரும் பேட்டன்ட் வாங்கல. அந்த வீட்டு வைத்தியம் கட்டுப்படியானதுக்கு ஒரு முக்கிய காரணம் ஐசோனியாசிட்ங்கற மாத்திரை, அதை 1912-லயே ப்ராக் நகரத்துல ரெண்டு பேர் செஞ்சு எழுதி வெச்சுட்டாங்க, அது டிபி கிருமியை கொல்லும்னு தெரிஞ்சது 1950-களோட ஆரம்பத்துல, ஒரே சமயத்துல மூணு கம்பெனி கண்டுபுடிச்சுது, ஆனா பொருள் பழசு, எவனாலும் சொந்தம் கொண்டாட முடியல. அதனால அடிமட்ட வெலைக்கு வந்துது.

இப்ப பெடாக்விலின் கதை. மருந்துக்கு மசியாத டிபிக்கு முன்னெல்லாம் மாசக்கணக்குல ஊசி போடுவாங்க, அதுல காது போயிடும் பல பேருக்கு, எங்க தெருவுலயே ஒரு அண்ணன் இருக்காரு, டிபி போச்சு, காதும் போச்சு, இப்ப எல்லாம் சைகை தான். பெடாக்விலின் மாத்திரை வந்ததுல அந்த ஊசியை விட முடிஞ்சுது. ஜான்சன் அண்ட் ஜான்சன் கிட்ட இருந்த முதல் பேட்டன்ட் 2023 ஜூலைல முடியணும், அவங்க அதே மருந்தோட ஒரு உப்பு வடிவத்துக்கு இன்னொரு அப்ளிகேஷன் போட்டிருந்தாங்க, கெடைச்சிருந்தா இன்னும் நாலஞ்சு வருஷம் இழுத்திருக்கும். அதை எதிர்த்து 2019-ல மனு போட்டது யாரு தெரியுமா, மும்பைல நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்கால ஃபுமேஸா டிசிலே, ரெண்டு பேரும் டிபில இருந்து மீண்டவங்க, ரெண்டு பேருக்கும் பழைய வைத்தியத்துல காது போனது. கம்பெனி கெடையாது, மந்திரி கெடையாது, ரெண்டு நோயாளிங்க. 2023 மார்ச்ல பேட்டன்ட் ஆபீஸ் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லி அப்ளிகேஷனை தள்ளிடுச்சு. இது எப்படி முடிஞ்சுதுன்னா, 25(1) பிரிவு, பேட்டன்ட் குடுக்கறதுக்கு முன்னாடி "எந்த நபரும்" எதிர்க்கலாம்னு சொல்லுது. எந்த நபரும். வக்கீலா இருக்கணும், போட்டி கம்பெனியா இருக்கணும்னு கெடையாது.

கட்டாய உரிமம்னு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். பேட்டன்ட் குடுத்து மூணு வருஷம் ஆகியும் ஜனங்க தேவைக்கு மருந்து கெடைக்கல, வெலை கட்டுப்படியாகல, இங்க அந்த கண்டுபிடிப்பை செயல்படுத்தலன்னா, 84-ஆவது பிரிவுல இன்னொருத்தருக்கு தயாரிக்க உரிமம் குடுக்கலாம், பேட்டன்ட்காரருக்கு ராயல்டி போவும். 2012-ல சொராஃபெனிப்ங்கற புத்துநோய் மருந்துக்கு குடுத்தாங்க, பேயர் கம்பெனி மாசத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு மேல வித்ததை நாட்கோ 8,880-க்கு குடுத்துச்சு, ராயல்டி 6 சதவீதம், அப்புறம் 7 ஆச்சு. பேயர் மருந்து அது வரைக்கும் தேவைப்பட்டவங்கள்ல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு தான் போய் சேந்திருந்துச்சு. ஆனா அதுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் வேற ஒரு மருந்துக்கும் கட்டாய உரிமம் குடுக்கல, இது எனக்கு ஆறாத கோவம். கருவி கைல இருந்தும் அரசாங்கம் எடுக்க மாட்டேங்குது.

காப்பிரைட்லயும் இதே கணக்கு தான், ஆனா நீங்க கேட்டது மருந்து, அதனால சுருக்கமா சொல்றேன். டெல்லி யூனிவர்சிட்டில பாடப்பகுதிங்களை ஜெராக்ஸ் எடுத்து குடுத்த கடை மேல பெரிய பதிப்பகங்க வழக்கு போட்டாங்க, பாடம் நடத்தறதுக்கு எடுக்கற நகலுக்கு 52-ஆவது பிரிவுல எடம் இருக்குன்னு 2016-ல டெல்லி ஹைகோர்ட் சொல்லிடுச்சு. நம்ம மாநிலம் அதுக்கு ரொம்ப முன்னாடியே வழி காட்டியிருக்கு, பாரதியார் பாட்டு உரிமை ஏவி.மெய்யப்பன் கிட்ட இருந்துச்சு, ஜனங்க கேட்டாங்க, அவரு விட்டுக்குடுத்தாரு, 1949-ல ஓமந்தூரார் அரசு பாரதி எழுத்தை நாட்டுடைமை ஆக்குனதா அறிவிச்சுது, குடும்பத்துக்கும் பணம் குடுத்துது. எழுதுனவரு குடும்பத்தையும் கைவிடல, ஜனங்களையும் காக்க வெக்கல. காப்பிரைட் காலம் முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எந்த பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாலயும் யாரையும் கேக்காம பாரதி பாட்டு பாட முடிஞ்சுதுன்னா அதனால தான்.

கடைசியா, உங்களை மாதிரி படிக்கிற பசங்க கண்டிப்பா கவனிக்க வேண்டியது. 2024 மார்ச்ல பேட்டன்ட் விதிகளை திருத்துனாங்க. முன்ன அந்த எதிர்ப்பு மனுவுக்கு ஃபீஸ் கெடையாது, இப்ப உண்டு. மனு விசாரணைக்கு லாயக்கா இல்லையான்னு முதல்ல அதிகாரி பாத்து சொன்னா தான் மேல நகரும். பேட்டன்ட்டை இங்க எப்படி பயன்படுத்துனேன்னு கம்பெனிங்க வருஷா வருஷம் குடுத்துட்டு இருந்த கணக்கு, இப்ப மூணு வருஷத்துக்கு ஒரு தரம் குடுத்தா போதும். அந்த கணக்கு தான் கட்டாய உரிமம் கேக்கறவங்களுக்கு ஆதாரமே. எதிர்ப்பு மனுவை இழுத்தடிக்க தவறா பயன்படுத்தறாங்கன்னு அரசாங்கம் காரணம் சொல்லுது, அப்படி சிலது நடக்குது, நானே பாத்திருக்கேன், ஆனா அதுக்காக நோயாளிங்க நொழையற வாசலை சின்னதாக்கறதை என்னால ஒத்துக்க முடியல.

உங்களுக்கு நான் சொல்ற வேலை இது தான். பேட்டன்ட் அப்ளிகேஷன் எல்லாம் பொதுவா 18 மாசத்துல வெளியாயிடும், பேட்டன்ட் ஆபீஸ் இணையதளத்துல காசில்லாம தேடலாம். உங்க க்ளாஸ்ல நாலு பேர் சேந்து, நம்ம அரசு ஆஸ்பத்திரில கெடைக்காத இல்ல கைக்கு எட்டாத வெலைல இருக்கற ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கோங்க, அதுக்கு எத்தனை பேட்டன்ட் இருக்கு, முதல்ல போட்டது எப்ப முடியுது, பின்னாடி போட்டதுல இன்னா புதுசா சொல்றாங்க, அதை முன்னாடியே யாராவது எழுதியிருக்காங்களான்னு தேடுங்க. ஃபார்மசி படிக்கிறவங்களுக்கு அந்த வேதியியல் புரியும், பல வக்கீலுங்களுக்கு புரியாது. நோயாளிங்களுக்காக எதிர்ப்பு மனு போடற அமைப்புங்களுக்கு பெரிய பஞ்சமே இந்த தேடல் வேலைக்கு ஆள் தான். கிண்டில இருக்கற பேட்டன்ட் ஆபீஸ்ல ஃபைல் எப்படி நகருது, மனு எப்படி எழுதறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் ஒக்காந்து சொல்லித்தரேன்.